மேற்படிப்பில் ஏன் இந்தத் தனிமை?

பொறியியல் இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் மூன்று நான்கு பேர் ஒரு பேட்ச்சாகச் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்கிறார்கள். அதே மாணவர் எம்.இ., எம்.டெக். என்று மேலே வந்ததும் பெரும்பாலான கல்லூரிகளில் தனி ஆளாகிவிடுகிறார். மூன்றாம் பருவத்தில் முதற்கட்டம், நான்காம் பருவத்தில் இரண்டாம் கட்டம்; ஒரு தலைப்பு, ஒரு கைடு, கெட்டி அட்டை போட்ட ஓர் ஆய்வேடு. இரண்டாண்டுப் படிப்பில் ஏறக்குறைய பாதி இப்படித் தனிமையிலேயே கழிந்துவிடுகிறது.

இதற்கு விதிமுறைகளிலேயே வேர் இருக்கிறது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ., இளநிலைப் பொறியியலுக்கு வகுத்த கற்றல் இலக்குகளில் குழுவாக இயங்கும் திறனைத் தனி இலக்காகவே வைத்திருக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் வாஷிங்டன் உடன்பாட்டில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரானதற்குப் பின்புலமாக இருந்த இலக்குகள் இவை. முதுநிலைப் படிப்புக்குக் கல்லூரிகள் பின்பற்றிவரும் வாரியத்தின் பொது இலக்குகளோ மூன்றுதான்: தனித்து ஆராய்ந்து நடைமுறைச் சிக்கலைத் தீர்ப்பது, கனமான தொழில்நுட்ப அறிக்கையை எழுதி விளக்குவது, தன் துறையில் இளநிலையைவிட உயர்ந்த தேர்ச்சி காட்டுவது. மூன்றும் தேவையானவையே. ஆனால், சேர்ந்து செய்வதைப் பற்றி மூன்றிலும் ஒரு சொல் இல்லை.

படிப்பில் உயர உயரப் பொறியாளரை ஒதுக்கி உட்கார வைக்கும் இந்த வழக்கம் மாற வேண்டும். முதுநிலைப் பொறியியலில் உண்மையான கூட்டுத் திட்டப்பணிக்கு இடம் வேண்டும். ஒரு சுற்றறிக்கை போட்டு இதைக் கொண்டுவந்துவிட முடியாது. மாணவர், கைடு, துறை, பல்கலைக்கழகம், தொழிற்சாலை, அரசு என எல்லாத் தரப்பும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் சுமந்தால்தான் இது நடக்கும்.

நம் மரபு கூட்டு மரபுதான்

இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நில அளவை என்பது தனி ஆளால் ஆகிற வேலை அல்ல. ஒருவர் கருவியில் கண் வைக்க வேண்டும்; இன்னொருவர் தொலைவில் அளவுகோலை நேராகப் பிடிக்க வேண்டும்; மற்றொருவர் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அளவுகோல் சற்றே சாய்ந்தாலும், கருவியில் பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அளவு பிசகும். கட்டடப் பொறியியல் மாணவர்கள் இன்றும் சர்வே கேம்ப்பில் இதைச் செய்கிறார்கள். புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து கணக்கை மூடும்போது வரும் பிழை குழு முழுவதற்கும் உரியது. நம் மண்ணில் பொறியியல் கல்வி தொடங்கியதே இப்படிப்பட்ட கூட்டு வேலையில்தான்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் படித்தபோது நடந்த நிகழ்ச்சி பட்டமளிப்பு மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. திருச்சியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே விமானப் பொறியியல் படிக்க வந்தவர் அவர். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியில் பேராசிரியர் சீனிவாசன் திருப்தியடையவில்லை. மூன்று நாள் கெடு விதித்து, முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் என்று எச்சரித்தார். கலாம் இரவு பகலாக உட்கார்ந்து முடித்துக் காட்டினார். விடாமுயற்சிக்கு உதாரணமாக இதைச் சொல்லும் நாம், ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் கலாமே எழுதியிருப்பதுபோல, அது ஒரு குழுவுக்குத் தரப்பட்ட பணி. அவர் ஏற்றுக்கொண்டது காற்றியக்க வடிவமைப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றைச் சக மாணவர்கள் ஏற்றிருந்தார்கள். விமானத்தின் வெளிவடிவம் முடிவாகாமல் இறக்கை தாங்க வேண்டிய சுமையைக் கணக்கிட முடியாது. எஞ்சினின் அளவையும் முடிவு செய்ய முடியாது. ஒருவரின் தாமதம் மற்ற எல்லோரையும் நிறுத்திவைக்கும் என்பதும் அந்த நிகழ்ச்சிக்குள் இருக்கும் பாடம்தான்.

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. இஸ்ரோவின் வழிகாட்டலில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு ஜூலை 12 அன்று ஏவப்பட்ட ஸ்டுட்சாட்டின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் கூடிச் செய்தது அது. செயற்கைக்கோளில் தகவல் தொடர்புக் கருவி கூடுதலாக ஒரு வாட் மின்சாரம் கேட்டால், சூரியத் தகடு பெரிதாக வேண்டும்; எடை கூடும்; சட்டகத்தை மாற்ற வேண்டும்; வெப்பக் கணக்கு மாறும். ஒருவர் கேட்பதற்கு இன்னொருவர் எதையாவது விட்டுத்தர வேண்டியிருக்கும். இந்தப் பேரத்தில் கிடைக்கும் அறிவைப் பாடப்புத்தகத்தில் பெற முடியாது. இரண்டு மாநிலங்களில் இருக்கும் ஏழு கல்லூரிகள் ஒன்றாக உட்கார முடிந்திருக்கிறது. ஒரே வளாகத்தில், ஒரே மாடியில் இருக்கும் இரண்டு துறைகளுக்கு அது முடியாத காரியமா?

பிழை ஒளிந்திருக்கும் இடம்

ஓர் எளிய திட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஊராட்சி ஒன்றின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் நீர்மட்டத்தை அறிந்து, மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் அமைப்பு அது. எம்பெடட் சிஸ்டம்ஸ் மாணவி சென்சாரையும் போர்டையும் செய்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் சர்வரையும் செயலியையும் எழுதுகிறார். மின்னியல் மாணவர் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்த்துக்கொள்கிறார். நீர்வளத் துறை மாணவர் ஊரின் நாளாந்தத் தேவையைக் கணக்கிடுகிறார்.

தொட்டியின் மூடியில் பொருத்தும் அல்ட்ராசோனிக் சென்சார், தன்னிடமிருந்து நீர்ப்பரப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைத்தான் அளக்கும். தொட்டி நிரம்ப நிரம்ப அது தரும் எண் குறைந்துகொண்டே வரும். சென்சார் செய்தவருக்கு இது தெரியும். மென்பொருள் எழுதியவரோ, வந்து சேரும் எண் நீரின் ஆழம் என்று எடுத்துக்கொள்கிறார். அவரவர் மேசையில் தனித்தனியே சோதித்தால் இரண்டும் சரியாகவே வேலை செய்யும். இணைத்து ஊரில் கொண்டுபோய்ப் பொருத்தியதும் தொட்டி நிரம்பி வழியும்; திரையில் ‘காலி’ என்று காட்டும்; மோட்டார் நிற்காமல் ஓடும். இருவரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள்தான். இருவரின் வேலையும் சேருமிடத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இதே வகைப் பிழை உலகின் மிகத் தேர்ந்த பொறியாளர்களிடமும் நிகழ்ந்திருக்கிறது. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது அழிந்தது. விண்கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மென்பொருள் பவுண்டு அளவில் தந்த உந்துவிசைக் கணக்கை, அதை வழிநடத்திய மையம் நியூட்டன் அளவென்று எடுத்துக்கொண்டதே காரணம். இரு தரப்பும் திறமையானவை. அவற்றுக்கு நடுவே கடந்த எண்ணுக்கு அலகு எது என்பதைச் சரிபார்க்க ஆள் இல்லாமல் போயிற்று.

தனியாக மேட்லேபில் சிமுலேஷன் ஓட்டி ஆய்வேடு எழுதும் மாணவர், இந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை. எண்ணைத் தருபவரும் பெறுபவரும் அவரே. அவருக்கு வேலை கிடைத்த முதல் மாதத்திலேயே, இன்னொருவர் தரும் எண்ணை நம்பித் தன் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். அதற்கான பயிற்சியை நாம் தரவில்லை.

நியாயமான அச்சங்கள்

குழுவாகச் செய் என்றதும் எழும் எதிர்ப்பு எல்லோருக்கும் தெரிந்தது: ஒருவர் உழைப்பார், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பிரான்சின் வேளாண் பொறியியல் பேராசிரியர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து பார்த்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். ஆள் கூடக்கூடத் தலைக்கு இழுக்கும் விசை குறைந்தது. நம் ஊர்த் தேரோட்டத்திலும் வடத்தில் கைவைத்தவர் எல்லோரும் முழு பலத்தோடு இழுப்பதில்லை. ஆனால், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் ஒருபோதும் அசர முடியாது. அவர் அசந்தால் தேர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. இன்னாருக்கு இன்ன பொறுப்பு என்று ஊரறிய ஒப்படைத்துவிட்டால் யாரும் கூட்டத்துக்குள் மறைய முடியாது.

இதைவிட ஆழமான அநீதியும் இருக்கிறது. குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தால், அறிக்கை எழுதுவதும் பிபிடி போடுவதும் அவர் தலையில் விழுகிறது. இரவு எட்டு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய மாணவி, ஆய்வகத்தில் ஒன்பது மணிக்குக் கருவி முதன்முதலாக ஓடும்போது அங்கே இருப்பதில்லை. தமிழ்வழியில் படித்து வந்தவர் சால்டரிங் முதல் சோதனை வரை செய்திருப்பார். ரிவியூ அன்று ஆங்கிலம் சரளமாக வரும் இன்னொருவர் முன்னே நின்று விளக்குவார். மதிப்பெண் பேசியவருக்குப் போகும். குழு அமைத்து விட்டுவிட்டால் போதும் என்று இருந்தால், வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வுதான் குழுவுக்குள்ளும் வரும். அதனால்தான் குழு அமைப்பதோடு விதியையும் அமைக்க வேண்டும்.

அந்த விதியை எப்படி அமைக்கலாம் என்பதற்கு டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் நல்ல முன்மாதிரி. 1974இல் தொடங்கியதிலிருந்தே அங்கே மாணவர்கள் பருவந்தோறும் குழுவாக ஒரு சிக்கலை எடுத்து வேலை செய்கிறார்கள். தேர்வாளர்கள் முன் குழுவாக உட்கார்ந்து பேசுகிறார்கள். மதிப்பெண்ணை ஒவ்வொருவரும் தனித்தனியே பெறுகிறார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பதை அறிய முடியாது என்ற சந்தேகத்தில் டென்மார்க் அரசு இடையில் சில ஆண்டுகள் குழுத் தேர்வைத் தடைசெய்தது. பின்னர் அந்தத் தடையை நீக்கியது. வேலை கூட்டாகவும் மதிப்பெண் தனியாகவும் இருக்க முடியும் என்பதே இதில் நமக்குப் பயன்படும் செய்தி.

இன்னோர் அச்சம் கைடுகளுடையது. பிஎச்.டி. செல்ல விரும்பும் மாணவருக்குத் தனித்து ஆராயும் திறன் வேண்டும். குழுவில் அது நீர்த்துப்போகும் என்கிறார்கள். இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. அமைப்பு பொதுவாக இருக்கட்டும். ஆய்வுக் கேள்வி அவரவருடையதாக இருக்கட்டும். மேலே சொன்ன தொட்டித் திட்டத்தில் குறைந்த மின்சாரத்தில் அளவு எடுப்பது ஒருவரின் ஆய்வு. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் தரவை இழக்காமல் அனுப்புவது இன்னொருவருடையது. ஆய்வேடு தனித்தனியே, ஆனால் எல்லா ஆய்வேடுகளிலும் ‘ஒருங்கிணைப்பும் சோதனையும்’ என்ற ஓர் அத்தியாயம் கூட்டாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பட்ட விதிகளைப் பெரிதாக மாற்றாமலே இதை இன்றே தொடங்க முடியும்.

ஆளுக்கொரு பங்கு

மாணவர்கள் தொடங்க வேண்டிய இடம் முதல் வாரம். விடுதி அறை நட்பை வைத்துக் குழு சேர்க்காமல், திட்டத்துக்கு எந்தத் திறன்கள் வேண்டும் என்று பார்த்துச் சேருங்கள். யார், யாருக்கு, எதை, எந்த அலகில், எத்தனை நொடிக்கு ஒருமுறை, எந்தத் தேதிக்குள் தருவார் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். தடுமாறும்போது ரிவியூவுக்கு முந்தின நாள்வரை மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். பேசும் முறையையும் எழுதும் முறையையும் சுழற்சியில் வையுங்கள். 2017இலிருந்து நடந்துவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் குழுக்கள், குறைந்தது ஒரு பெண்ணையாவது சேர்த்துக்கொண்டு, கண் விழித்து வேலை செய்வதைப் பார்க்கிறோம். ஆர்வத்துக்குக் குறை இல்லை. ஆனால் குழுவின் உண்மையான சோதனை நான்காவது மாதத்தில் வருகிறது. உற்சாகம் வடிந்து, போர்டு மூன்றாம் முறை புகைந்து, ஒருவர் வேலைக்கான நேர்காணல்களுக்குப் போகத் தொடங்கியிருக்கும் நேரம் அது. அப்போதும் சேர்ந்து நிற்பதுதான் முதுநிலை மாணவர் பழக வேண்டிய பொறுப்பு.

கைடுகளிடம் கேட்பது, தம் தலைப்பைச் சற்றுத் திறந்துவைப்பதை. வேறு துறைப் பேராசிரியரோடு சேர்ந்து வழிகாட்டினால் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், உழைப்பு யார் கணக்கில் ஏறும் என்ற கேள்விகள் எழுவது இயல்பு. அவற்றையும் தொடக்கத்திலேயே எழுதி முடித்துக்கொள்ளலாம். வாய்மொழித் தேர்வில் ஒவ்வொரு மாணவரிடமும் அவர் பகுதியோடு அடுத்தவர் பகுதியைப் பற்றியும் கேளுங்கள். சேர்ந்து வேலை செய்தவர் அதற்குப் பதில் சொல்வார்; பெயர் மட்டும் கொடுத்தவர் திணறுவார். நிரல் எழுதும் குழுவென்றால் கிட் பதிவுகளைப் பார்க்கலாம். ஆய்வக வேலை என்றால் தேதியிட்ட குறிப்பேட்டைப் பார்க்கலாம்.

கல்லூரி நிர்வாகங்களின் பங்கு நேரமும் இடமும். பல கல்லூரிகளில் முதுநிலைப் பிரிவு ஒன்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரே பிரிவுக்குள் நல்ல குழு அமைவதே கடினம். எல்லா முதுநிலைப் பிரிவுகளுக்கும் வாரத்தில் ஓர் அரைநாளைப் பொதுவாக ஒதுக்கினால் அவர்கள் சந்திக்க முடியும். கூட்டாக வழிகாட்டும் பேராசிரியருக்கு அந்த உழைப்பைப் பணிச்சுமைக் கணக்கில் முழுமையாகச் சேர்க்க வேண்டும். ஆய்வகம் திறந்திருக்கும் நேரமும் மாணவியர் விடுதி நேரமும் பொருந்தி வர வேண்டும். பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை, அதன் பெயரால் வாய்ப்பை மறுப்பது சரியல்ல.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் பல துறை மாணவர்கள் சேர்ந்து செய்யும் திட்டத்தை வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். ஒருங்கிணைத்த அமைப்பு ஓடுகிறதா என்பதற்குக் குழு மதிப்பெண்ணும், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண்ணும் என்று பிரித்து அறிவித்தால், பாதி சச்சரவு தானாக அடங்கும். என்.பி.ஏ. தன் மூன்று முதுநிலை இலக்குகளோடு கூட்டாகச் செயல்படும் திறனை நான்காவதாகச் சேர்க்கட்டும். அங்கீகாரத்துக்கு எது கணக்கோ அதைத்தான் கல்லூரிகள் செய்கின்றன.

தொழில்துறையிடம் நாம் கேட்பது பணமல்ல. கோவையின் பம்ப் ஆலைகளும் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளும் ஒரு குழுவுக்கு ஓர் உண்மையான சிக்கலும், மாதத்தில் சில மணி நேரம் ஒரு பொறியாளரும் தந்தால் போதும். பகல் வேலையை முடித்துவிட்டு மாலையில் பகுதிநேர எம்.இ. படிக்க வருபவர்கள் ஏற்கெனவே நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். முழுநேர மாணவர் குழுக்களோடு அவர்களை இணைத்தால், ஆலைக்கும் கல்லூரிக்கும் அவர்களே பாலமாவார்கள்.

அரசுக்கும் குடிமக்களுக்கும் இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. கேட் தேர்வில் தகுதி பெற்று அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் சேரும் முதுநிலை மாணவருக்கு ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அது மக்கள் பணம். உயர்கல்வி நிறுவனங்களைக் கிராமங்களோடு இணைக்க 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதுநிலைக் குழு ஒன்று ஓர் ஊராட்சியின் குடிநீரையோ, தெருவிளக்கையோ, குப்பையையோ எடுத்து வேலை செய்வது சலுகையல்ல, கைம்மாறு. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: காசு கொடுத்து ஆயத்த ப்ராஜெக்டை வாங்கித் தராதீர்கள். அந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் கருவி ஓடலாம். உங்கள் பிள்ளை அதிலிருந்து கற்பது எதுவும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது

இத்தனையும் ஒரே ஆண்டில் நடந்துவிடாது. நடக்க வேண்டியதும் இல்லை. வரும் கல்வியாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் ஒரே ஒரு குழுவை அமைக்கட்டும். இரண்டு துறைகள், மூன்று அல்லது நான்கு மாணவர்கள், இரண்டு கைடுகள், பக்கத்து ஊரின் ஒரு சிக்கல் போதும். முதல் வாரத்தில் பொறுப்புகளை எழுதிக்கொள்ளட்டும். இரண்டாம் மாதத்திலேயே அரைகுறையான பகுதிகளை இணைத்துப் பார்க்கட்டும். கடைசி மாதம்வரை இணைப்பைத் தள்ளிப்போடுவதே குழுத் திட்டங்கள் தோற்பதற்குப் பெரிய காரணம். ஆண்டு முடிவில் எது ஓடியது, எது ஓடவில்லை, ஏன் என்பதை அந்த ஊர் மக்கள் முன்னிலையில் தமிழில் சொல்லட்டும். அடுத்த ஆண்டுக் குழு அங்கிருந்து தொடங்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுத் தலைப்பைத் தேடுவதைவிட, ஒரே ஊரின் வேலையை மூன்றாண்டு தொடர்ந்து சீராக்குவது பொறியியலுக்கும் ஊருக்கும் நல்லது.

இதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு துறைத் தலைவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, தத்தம் மாணவர்களின் பெயர்ப் பட்டியலை அருகருகே வைத்துப் பார்த்தால் முதல் குழு உருவாகிவிடும். அந்தச் சந்திப்பை இந்தப் பருவத்திலேயே நடத்துங்கள்.